கிரீந்திரசேகர் போஸ்: உள்ளம் கேட்ட மருத்துவர்

ஓசூரிலிருந்து பெங்களூரு தேசிய மனநல நிறுவனம் தொலைவிலில்லை. எனினும் அங்குச் செல்வதை அண்டை வீட்டார்க்கும் மறைப்போர் நம்மிடையே உளர். மனத்துயருற்றோரை அமர்த்திப் பேசவிட்டுப் பொறுமையுடன் கேட்டலே மருத்துவம் என்பதை இந்நாட்டில் நிலைநாட்டிய முன்னோடி கிரீந்திரசேகர் போஸ்.

1887இல் தர்பங்காவில் பிறந்தார். 1910இல் கல்கத்தாவில் மருத்துவப் பட்டமும், 1921இல் உளவியலில் முனைவர் பட்டமும் பெற்றார். மறு ஆண்டே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தம் இல்லத்தில் தோற்றுவித்தார்.

வியன்னாப் பேரறிஞர் ஃப்ராய்டை அவர் நேரிற் கண்டதில்லை. மடல்களே இருவரையும் பிணைத்தன. அறிஞரின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குத் தந்தத்தாலான திருமால் சிலையொன்றும் சென்றது. ஆனால் மதிப்பு வேறு, உடன்பாடு வேறு! ஒவ்வொரு விருப்பத்தின் அடியிலும் அதற்கு எதிரான விருப்பமொன்று புதைந்திருக்கிறது என்பது போஸின் துணிபு. ஏற்றமரத்தின் ஒரு முனை தாழ மறுமுனை எழுவதுபோல் இரண்டும் மாறி மாறித் தோன்றும். எனவே அவர் கேட்பதோடு நிற்கவில்லை. தந்தையைக் கண்டு நடுங்கும் மகனெனின், தன்னையே அத்தந்தையாகக் கற்பனை செய்யச் சொல்வார். பின்னர் மீண்டும் மகனாக. அடித்தவன் நிலையும் அடிபட்டவன் நிலையும் ஒருவனுக்கே புலப்படுகையில் முடிச்சு தளரும் என நம்பினார். ஃப்ராய்டு இதனை முழுதும் ஏற்கவில்லை. போஸும் தம் கருத்தைக் கைவிடவில்லை. இத்துணிவே அவரது பெருமை என்பேன்.

1940இல் அவர் முயற்சியால் லும்பினிப் பூங்கா மனநல மருத்துவமனை எழுந்தது. 1953இல் மறைந்தார். எனினும் 1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் அவர் தொடங்கிய புறநோயாளர் பிரிவையே முதலிற் சொல்லவேண்டும். காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்தோர் நுழைந்த மருத்துவமனைக்குள்ளேயே, மனம் நொந்தோரும் மறைவின்றி நுழைந்தனர்.