நீராவியை வென்றவர், காற்றிடம் தோற்றவர்!

வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூரில் நின்று பார்த்தால் ஜவ்வாது மலை நீண்டு கிடப்பது தெரியும். அந்த மலைத்தொடரிலுள்ள காவலூர் வானாய்வுக்கூடத்தின் பெரிய தொலைநோக்கிக் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். 1845-ல் உலகிலேயே மிகப் பெரியதாயிருந்த தொலைநோக்கியின் கண்ணாடி 1.8 மீட்டர்தான். அதை அயர்லாந்தில் தமது கோட்டைத் தோட்டத்தில் நிறுவியவர் ராஸ் பிரபு. அவருடைய கடைசி மகனே நீராவி டர்பைனை உலகுக்கு அளித்த சார்லஸ் பார்சன்ஸ்.

1854-ல் பிறந்த சார்லஸ் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்தார்கள். விளையாடத் தந்தையின் பட்டறை இருந்தது. கேம்பிரிட்ஜில் கணிதம் தேறியபின், நியூகாசிலில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பிரபுக்கள் வீட்டில் அது வழக்கமில்லை.

1884-ல் டர்பைன் உருவாயிற்று. வரிசை வரிசையாகப் பொருத்திய தகடுகள் மீது நீராவி பாய்ந்ததும், தண்டு நிமிடத்துக்கு 18,000 முறை சுழன்றது. 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில் அவருடைய 'டர்பீனியா' என்ற சிறு கப்பல் சீறிப் பாய்ந்தது. பிடிக்க வந்த காவற்படகுகள் பின்தங்கின! சில ஆண்டுகளில் போர்க்கப்பல்களே டர்பைனுக்கு மாறின.

இது பலரும் அறிந்த வெற்றி. தோல்வியைத்தான் யாரும் பேசுவதில்லை.

டர்பைனைத் தலைகீழாக ஓட்டினால் என்ன? தகடுகளை நாம் சுழற்றினால் அவை காற்றை அமுக்கித் தருமே! இந்த எண்ணம் பார்சன்ஸுக்கு 1884-லேயே இருந்தது. பின்னர் அத்தகைய யந்திரங்களைச் செய்து, உலைகளுக்குக் காற்று ஊத விற்கவும் செய்தார். ஆனால் செலுத்திய சக்தியில் பெரும்பங்கு வீணாயிற்று. 1908 வாக்கில் மனம் சலித்துக் கைவிட்டார்.

காரணம் என்ன? பீஞ்சமந்தையிலிருந்து ஒடுகத்தூர்ச் சந்தைக்கு மூட்டையுடன் இறங்குவது எளிது. அதே மூட்டையுடன் மலை ஏறிப் பாருங்கள்! டர்பைனில் நீராவி, அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு இறங்கி ஓடுகிறது. தகட்டை ஒட்டியே செல்கிறது. அமுக்கும் யந்திரத்திலோ காற்று அழுத்த மேட்டில் ஏறவேண்டும். தகட்டில் உராய்ந்து வேகமிழந்த காற்று, பாதி வழியில் களைத்து, தகட்டை விட்டு விலகிச் சுழித்து நிற்கிறது. அங்கே வழி அடைபடவே, வரும் காற்று பக்கத்துத் தகட்டின்மேல் கோணலாய் மோதி அதையும் கெடுக்கிறது. இப்படித் தேக்கம் தகட்டுக்குத் தகடு தாவி, சக்கரத்தையே சுற்றி வரும். யந்திரம் அதிரும். தகடு முறிவதும் உண்டு.

பார்சன்ஸைக் குறை சொல்வது நியாயமல்ல. ஆகாய விமானம் அப்போதுதான் பிறந்திருந்தது. இறக்கைமேல் காற்று பாயும் விதம் பற்றிய சாஸ்திரமும் முளைவிட்டுக்கொண்டிருந்த காலம்.

1926-ல் ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கில எஞ்சினியர் விடை கண்டார். தகட்டை விமான இறக்கைபோல் வடிக்கவேண்டும் என்றார். இன்று பெரிய ஜெட் எஞ்சின்களில் காற்றை அமுக்குபவை, பார்சன்ஸ் கைவிட்ட அந்தத் தகட்டு வரிசைகளே. தேக்கம் பற்றிய கவலை மட்டும் எஞ்சினியர்களை இன்னும் விடவில்லை.

கிரிஃபித் விடை சொன்ன ஆண்டில் பார்சன்ஸுக்கு 72 வயது. மகனை 1918-ல் போரில் பறிகொடுத்திருந்தார். தந்தையின் நினைவோ என்னவோ, நொடித்துப்போன தொலைநோக்கித் தொழிற்சாலை ஒன்றை 1925-ல் வாங்கி நடத்தினார். முதல் ஜெட் விமானம் பறந்ததை அவர் பார்க்கவில்லை. 1931 பிப்ரவரி 11 அன்று, ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில், பயணம் வந்த கப்பலிலேயே காலமானார். அந்தக் கப்பலை ஓட்டியது நீராவி டர்பைன்.