டீசல் என்றொரு மனிதர்



பாலக்கோடு மண்டியில் விடியற்காலையில் தக்காளி ஏற்றும் பிக்கப் வண்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றில் பலவற்றில் ஓடுவது நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின். டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒர்க்‌ஷாப்பில் என்ஜினைப் பிரித்த அன்றுதான் அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரிந்தது.

ருடால்ப் டீசல் 1858-ல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். அப்பாவுக்குப் புத்தக பைண்டிங் வேலை. 1870-ல் போர் மூண்டதும் ஊரை விட்டே போக வேண்டிய நிலை. பன்னிரண்டு வயசுப் பையனை ஜெர்மனியில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தொழிற்பள்ளியில் படித்தார். 1875-ல் மியூனிக் பாலிடெக்னிக்கில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. பெற்றோரோ, படித்தது போதும், வேலைக்குப் போ என்றார்கள். அவர் படிக்கத்தான் போனார். பத்தாவது முடிச்சதும் எங்க வீட்டிலும் இதே பேச்சுதான் நடந்தது.

1879-ல் டைபாய்டு காய்ச்சல் வந்து கடைசிப் பரீட்சையை எழுத முடியவில்லை. நம்ம பாஷையில் சொன்னால் அரியர்! சும்மா இருக்காமல் ஒரு தொழிற்சாலையில் வேலை பழகினார். 1880 ஜனவரியில் பரீட்சை எழுதி மிகச் சிறந்த மதிப்பெண் வாங்கினார்.

அக்கால நீராவி என்ஜின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றவில்லை. இந்த வீணடிப்பு அவரை உறுத்தியது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா? அதே மாதிரி சிலிண்டருக்குள் காற்றை மிகவும் அழுத்தினால், அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும், ஸ்பார்க் பிளக் வேண்டாம் என்று கணக்குப் போட்டார். 1893-ல் ஆக்ஸ்பர்க் நகரில் நடந்த முதல் சோதனையில் அழுத்தம் காட்டும் கருவி வெடித்தது. உயிர் தப்பினார். 1897-ல் ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் 20 குதிரைத்திறனோடு ஓடியது. திறன் 26.2 சதவீதம்!

ஆனாலும் அது வண்டிக்கு ஆகவில்லை. எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளத் தனிக் கம்ப்ரஸர் வேண்டியிருந்தது. அத்தனை கனம். 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்துக்குப் போன கப்பலில் இருந்து காணாமல் போனார். சில நாள் கழித்துக் கடலில் உடல் கிடைத்தது. தலைக்கு மேல் கடன் இருந்தது. வயது 55.

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1927-ல் பாஷ் கம்பெனியின் பம்ப் வந்ததும் கம்ப்ரஸர் போயிற்று. 1936-ல் மெர்சிடிஸ் 260டி கார் நான்கு சிலிண்டரில் 45 குதிரைத்திறன் தந்தது. நம் நாட்டில் 1988-ல் டாடா பிக்கப் வந்தது. முன்பெல்லாம் தனிச் சிற்றறையில் எண்ணெய் பற்றி, பிறகு சிலிண்டருக்குப் பரவும். அப்புறம் நேராகப் பிஸ்டன் தலையிலேயே பீய்ச்சினார்கள், எண்ணெய் மிச்சமானது. அடுத்து டர்போ, காமன் ரெயில். 2,523 சி.சி. பொலிரோ பிக்கப்பில் 75 குதிரைத்திறன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பின் புகையும் குறைந்தது. இத்தனை மாறியும், காற்றை அழுத்திச் சூடாக்கும் அவருடைய கணக்கு மட்டும் மாறவே இல்லை.

தன் என்ஜின் தக்காளி ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயைக் கடக்கும் என்று அவர் கண்டாரா என்ன! எனக்கும் இரண்டு அரியர் இருக்கிறது, நண்பர்களே. வீட்டில் சொல்லவே கூச்சமாக இருந்தது. இவர் கதையைப் படித்த பிறகு பீஸ் கட்டிவிட்டேன். நீங்களும் கட்டுங்கள். எழுதுவோம், வெல்வோம்!

— இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்