பண்டிதர் நைன் சிங்: இமயத்தை அடியால் அளந்தவர்

இமயமலையின் உயர்ந்த கணவாய்களைக் கடந்து யாத்திரை செய்ய வேண்டுமென்ற ஆவல் இந்நாளில் நமது வாலிபர்களிடையே பெருகி வருகிறது. கால்களில் வலிமை இருந்தாற் போதுமென்று எண்ணிப் புறப்படுவோர் ஒரு சாரார். கையில் பணம் இருந்தாற் போதும், வழிகாட்டியும் சுமைகூலியும் மற்றவற்றைப் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணிப் புறப்படுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் படித்தறிய வேண்டிய சரித்திரம் ஒன்று உண்டு. வழிகாட்டும் ஜாதியிற் பிறந்து, தாமே வழிகாணும் சாஸ்திரியாகி, உலகத்தின் மிக உயர்ந்த பீடபூமியைத் தமது அடிகளால் அளந்து முடித்த பண்டிதர் நைன் சிங் ராவத்தின் வாழ்க்கையே அது. மலையேறுவோர்க்கு மாத்திரமின்றி, தேச சேவையில் ஈடுபட்டோர்க்கும் அதில் சிந்திக்க வேண்டிய விஷயம் இருப்பதால் அதனை இங்கே சுருக்கமாகக் கூற முற்படுகிறோம்.

குமாவூன் பிரதேசத்தின் வடகோடியில், திபெத்தின் எல்லையை ஒட்டி, ஜோஹார் என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே 11,000 அடி உயரத்திலுள்ள மிலம் கிராமத்தில், 1830-ம் ஆண்டில், அமர் சிங் என்பவரின் புதல்வராக நைன் சிங் பிறந்தார். அக்கிராமத்து மக்கள் குளிர்காலத்தில் கீழ்நாட்டிற்கு இறங்கி, கோடையில் மேலேறி, பனி உருகியதும் கணவாய்களைக் கடந்து திபெத்திற் சென்று வியாபாரம் செய்து வந்தனர். தானியமும் துணியும் கொண்டுபோய் உப்பும் வெண்காரமும் கம்பளி மயிரும் கொண்டுவருவது அவர்களுடைய தொழில். ஆடுகளே அவர்களுக்குப் பொதிமாடுகள். எந்த மாதத்தில் எந்தக் கணவாய் திறக்கும், எந்த ஆறு எந்த வேளையில் பெருகும், உயரத்தில் தலை கிறுகிறுத்தவனை என்ன செய்ய வேண்டும் என்பவற்றை அவர்கள் ஏட்டிற் படித்தவர்களல்லர். குழந்தைப் பருவத்திலேயே கண்டு பழகியவர்கள். நைன் சிங் பெற்ற முதற் கல்வி இதுவே. திபெத்திய மொழியும் வழக்கமும் அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தன என்றாலும் மிகையாகாது.

1855-ல் ஜெர்மானிய அறிஞர்களாகிய ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் இமயத்தை ஆராய வந்தபோது, இருபத்தைந்து வயதினரான நைன் சிங் அவர்களுடன் சேர்ந்தார். 1857 வரையில் மானஸரோவரம், ராக்ஷஸ தாலம், லடாக் முதலிய இடங்களுக்கு அவர்களோடு சென்றார். கருவிகளைக் கொண்டு உயரமும் திசையும் காணும் முறையை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டார். பிறகு தமது கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக அமர்ந்தார். பண்டிதர் என்ற பட்டம் அவருக்கு வந்தது அந்த எளிய உத்தியோகத்தினால்தான்.

இந்தியாவை முக்கோணங்களாக அளக்கும் பெரும் பணி 1802-ல் நமது சென்னையின் பரங்கிமலையருகே தொடங்கிற்று என்பது வாசகர்கள் அறிந்ததே. அரை நூற்றாண்டுக்குள் அது இமயத்தின் அடிவாரத்தை எட்டிற்று. மிக உயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டுக் கண்டவர் ராதாநாத சிக்தார் என்னும் வங்காளி. சிகரத்திற்குச் சூட்டப்பட்ட பெயரோ எவரெஸ்ட் என்னும் ஆங்கிலேயருடையது. மலைக்கு அப்பாலுள்ள திபெத்து அந்நியர்க்குக் கதவை அடைத்திருந்தது. ஐரோப்பியர் அங்கே நுழைய முடியவில்லை. ஆகவே, அளவைத் துறையின் அதிகாரியாகிய காப்டன் மாண்ட்கோமரி, எல்லைப்புறத்து மக்களையே பழக்கி அனுப்புவதெனத் தீர்மானித்தார். 1863-ல் நைன் சிங்கும் அவருடைய உறவினரான மணி சிங்கும் டேராடூனுக்கு அழைக்கப்பட்டனர்.

அங்கே இரண்டாண்டுக் காலம் நடந்த பயிற்சி எவ்வளவு நுட்பமானது! ஏற்றமாயினும் இறக்கமாயினும் சமதரையாயினும் அடியின் நீளம் மாறாமல் நடக்க வேண்டும். ஒரு மைலுக்கு 2,000 அடிவைப்பு. கையிலே ஜபமாலை. ஆனால் அதில் 108 மணிக்குப் பதிலாக 100 மணிகளே கோக்கப்பட்டிருந்தன. நூறு அடிவைப்புக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒரு சுற்று வந்தபோது 10,000 அடிவைப்பு, அதாவது ஐந்து மைல், கடந்ததாகும். திபெத்தியர் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்தினுள் மந்திரச் சுருளுக்குப் பதிலாகக் குறிப்பெழுதும் காகிதங்கள் இருந்தன. பெட்டியின் மறைவான அடித்தட்டில் கோணம் அளக்கும் கருவி. கைத்தடியினுள் உஷ்ணமானி. சோழிகளுக்குள் பாதரசம், இரவில் அதைப் பிக்ஷைக் கிண்ணத்தில் ஊற்றினால், அசையாத கண்ணாடிபோல் நின்று நட்சத்திரத்தின் உயரத்தை அளக்க உதவும். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும்; ஏறத்தாழ ஆயிரம் அடிக்கு ஒரு டிகிரி செண்டிகிரேடு குறையும். தேநீருக்குக் கொதிக்கும் பாத்திரத்தில் உஷ்ணமானியை வைத்து, தாம் நிற்கும் இடத்தின் உயரத்தை நைன் சிங் கண்டறிந்தார்.

1865 ஜனவரியில் இருவரும் புறப்பட்டனர். மார்ச்சு மாதம் காட்மாண்டு சேர்ந்தனர். எல்லைக் காவலர் சந்தேகித்துத் திருப்பி அனுப்பவே, மணி சிங் பின்வாங்கினார். நைன் சிங் மனம் தளரவில்லை. வேறு வேஷம் பூண்டு, வேறு வழியாக உட்புகுந்து, லடாக் வியாபாரிகளின் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். கூட்டத்தார் ஆற்றில் படகேறிய இடத்திலும் அவர் கரையோரமாக நடந்தே சென்றார். படகில் ஏறினால் அடிக்கணக்கு அறுந்துபோகுமல்லவா? ஷிகாட்சேயையும் ஞான்சேயையும் கடந்து, 1866 ஜனவரி 10-ந் தேதி லாஸா நகரம் சேர்ந்தார். கைப்பணம் கரைந்தபோது அங்கிருந்த நேபாள வியாபாரிகளுக்குக் கணக்கு முறை கற்பித்துப் பிழைத்தார். ஏப்ரலில் நகரை விட்டு, ஸாங்போ நதியை ஒட்டி மேற்கே நடந்து, மானஸரோவரம் வழியாக அவ்வாண்டு அக்டோபரில் டேராடூன் திரும்பினார். ஏறத்தாழ 1,200 மைல் தூரத்தை அடியடியாக எண்ணி முடித்திருந்தார். அதுவரை ஊகத்தினால் வரையப்பட்டிருந்த லாஸாவின் ஸ்தானம் அன்றுதான் பூகோளப் படத்தில் உறுதியாயிற்று.

1867-ல் பதரிநாத்திற்கு அப்பால் 18,000 அடிக்கு மேற்பட்ட மாணாக் கணவாயைக் கடந்து, மேற்குத் திபெத்தின் தோக் ஜாலுங் தங்கச் சுரங்கத்தை அடைந்தார். 16,000 அடிக்கு மேலுள்ள அவ்விடத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் காற்றுக்குப் பயந்து ஏழெட்டு அடிக் குழி தோண்டி அதற்குள் கூடாரம் அடித்திருந்தனர். மண் உறைந்து சரியாமல் நிற்பதால், கோடையைக் காட்டிலும் குளிர்காலத்தில்தான் அங்கே கூட்டம் மிகுதி என்பதையும் அவர் விசாரித்தறிந்தார்.

அவருடைய கடைசிப் பிரயாணமே எல்லாவற்றிலும் பெரிது. 1874 ஜூலை 15-ந் தேதி லாமா வேஷத்தில் லேயிலிருந்து புறப்பட்டார். மனிதர் வசிக்காத வடதிபெத்துச் சமவெளியில் தீனி கிடைப்பது அரிது என்பதை முன்னரே ஆலோசித்து, வழியெல்லாம் மேய்ந்துகொண்டே வரக்கூடிய 26 ஆடுகளின்மீது சுமையேற்றிச் சென்றார். ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட அந்த வழியைத் தாங்கி லாஸா வரை வந்தவை நாலைந்தே. நவம்பர் 18-ந் தேதி லாஸா சேர்ந்தார். அதுவரை எழுதிய அளவைக் குறிப்புகளைத் துணைவர் இருவர் வசம் லடாக்குக்கே திருப்பி அனுப்பினார். தாம் பிடிபட்டாலும் வேலை அழியக் கூடாது என்பது அவருடைய முன்யோசனை. தம்மை அறிந்தவர் ஒருவர் அந்நகரில் தென்படவே, இரண்டே நாளில் வெளியேறினார். வடக்கே யாத்திரை போவதாகச் சொல்லிவிட்டுத் தெற்கே திரும்பினார். தவாங்கில் தடுத்து வைக்கப்பட்டுக் காத்திருந்து, 1875 மார்ச்சு 1-ந் தேதி அஸ்ஸாமின் உதால்குரியை அடைந்தார். வழியில் உள்ள ஏரிகளின் வரிசையையும், ஸாங்போவுக்கு வடக்கிலுள்ள பனிமலைத் தொடரையும் உலகம் அறிந்தது அவராலேயே. ஆனால் உயரத்தில் கழித்த ஆண்டுகள் அவருடைய உடலையும் கண்பார்வையையும் தளரச் செய்துவிட்டன.

1877-ல் லண்டன் ராயல் பூகோள சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. சர்க்கார் பட்டமும் நிலமும் வழங்கிற்று. ஓய்வு பெற்றபின் இளைஞர்களுக்குத் தமது வித்தையைக் கற்பித்து வந்த அவர் 1882-ல் காலமானார். பல ஆண்டுகள் வரை சர்க்கார் அறிக்கைகளில் அவருக்குப் பெயர் கிடையாது; பண்டிதர் என்று மட்டுமே குறிக்கப்பட்டார். ரகசியத்தின் பொருட்டு அவ்வாறு செய்தனர் என்பது உண்மையே. ஆயினும் உழைத்தவன் பெயரில்லாமலும், உழைப்பித்தவன் பெயரோடும் நிற்பது அந்நிய ஆட்சியின் இயல்பு என்பதை நாம் மறக்கலாகாது. சுதந்தர இந்தியா 2004-ல்தான் அவருடைய உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நைன் சிங் யாருக்காக நடந்தார்? அவர் அளந்து தந்த வழி, ஒரு சாம்ராஜ்யத்தின் பெட்டகத்திற்குப் போய்ச் சேர்ந்தது. 1904-ல் ஆங்கிலப் படை திபெத்தியரைச் சுட்டு வீழ்த்தி லாஸாவுக்குள் புகுந்தபோது, அவரும் அவருடைய தோழர்களும் திரட்டிய விவரங்கள் ஏற்கெனவே சர்க்கார் கையில் இருந்தன. தமக்கு உணவும் இடமும் கொடுத்த மக்களை, அவர்கள் புனிதமென்று போற்றிய ஜபமாலையையும் சக்கரத்தையும் கொண்டே அவர் ஏமாற்றினார் என்பதையும் மறைப்பதற்கில்லை. வீரத்தைப் போற்றும் அவசரத்தில் இதனை விழுங்கிவிடுவது சரித்திரத்திற்குச் செய்யும் துரோகமாகும். அதே சமயம், வறிய எல்லைக் கிராமத்து உபாத்தியாயர் ஒருவர்மீது சாம்ராஜ்யத்தின் பாவத்தை முழுதும் சுமத்துவதும் நியாயமன்று. பிடிபட்டால் உயிர் போகும் என்பதை அறிந்தே அவர் சென்றார். கல்லூரியில் கால் வைக்காத இந்தியன் ஒருவன், ஐரோப்பிய விஞ்ஞானிகள் வியக்கும் வண்ணம் அளவை செய்ய முடியும் என்பதை அவர் நாட்டிய காலம், நம்மவர்க்கு எதிலும் தகுதியில்லை என்று ஆள்வோர் ஓயாது கூறி வந்த காலம். அந்தத் திறமை நம்முடையது. அதைப் பயன்படுத்திய நோக்கம் அவர்களுடையது. திறமையிருந்தும் நோக்கத்தைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்ட நாட்டின் கதி என்ன என்பதற்கு நைன் சிங்கின் வாழ்வே சாட்சி.

இனி, மலைக்குப் புறப்படும் நமது இளைஞர்கள் அவரிடமிருந்து கற்க வேண்டியவை யாவை? முதலாவது, பொறுமை. 10,000 அடிக்கு மேல் ஏறியபின், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 1,500 அடிக்கு மேல் உயர்த்தலாகாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்றும் இக்கால வைத்தியர்கள் விதிக்கின்றனர். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் கண்டால் மேலே ஏறாமல் நிற்க வேண்டும். மிகுந்தால் உடனே கீழிறங்க வேண்டும். இதற்கு விரோதமாக வீராப்புப் பேசி உயிரிழந்தோர் பலர். இரண்டாவது, முன்யோசனை. பருவம், உணவு, அனுமதி, திரும்பும் வழி ஆகிய நான்கையும் ஊரிலேயே தீர்மானிக்காமல் கணவாயின் அடியில் நின்று தீர்மானிப்பது மடமை. மூன்றாவது, வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தல். 2023 ஏப்ரல் முதல், தன் மலைகளில் நடக்க வரும் அந்நிய நாட்டார் வழிகாட்டியுடனேயே செல்ல வேண்டுமென்று நேபாள அரசு விதித்தது. விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவ்விடத்து மனிதனின் அறிவுக்கு ஈடு எதுவுமில்லை. அவன் போகலாகாது என்றால் போகாதிருப்பதே யாத்திரையின் முதல் தருமம்.

நான்காவதாக நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. 1962-ல் நடந்த யுத்தத்தோடு திபெத்து வியாபாரம் நின்றுபோகவே, மிலம் கிராமம் பெரும்பாலும் வெறிச்சோடிற்று. பாழடைந்த கல்வீடுகளின் நடுவே இன்று பனியாற்றைக் காணப் போகும் யாத்திரிகர்கள் நடக்கிறார்கள். அவர்களுக்கு முன்னே வழிகாட்டியும், பின்னே சுமை தூக்குவோனும் அம்மலைநாட்டாரே. அவர்களுக்குத் தக்க கூலி, குளிருக்குத் தக்க உடை, விபத்துக்கு இன்ஷ்யூரன்ஸ், யாத்திரிகருக்குக் கிடைக்கும் அதே வைத்தியம் ஆகியவை உண்டா என்று கேட்டறியாமல் பணம் கட்டுவது தகாது. அவர்களுடைய பெயரையும் கேட்டறிந்து, திரும்பி வந்து எழுதும்போது அதனையும் எழுத வேண்டும். பெயரில்லாமல் நடந்த பண்டிதருக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் இதனினும் வேறில்லை.