தூத்துக்குடி முத்தும் சங்கும்: கடலடியைப் படித்த ஜேம்ஸ் ஹார்னெல் யார்?

தூத்துக்குடிக்கு 'முத்துநகர்' என்று பெயர். முத்துநகர் எக்ஸ்பிரஸ்கூட ஓடுது. ஆனா இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். முத்து ஏன் வருது, ஏன் திடீர்னு காணாமப் போகுது என்ற கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே பல வருஷங்களைக் கொடுத்த ஒருத்தர் உண்டு. அவர்தான் ஜேம்ஸ் ஹார்னெல்.

யார் இவர்?

1865ல் பிறந்த பிரிட்டிஷ்காரர். ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் ஜெர்சி தீவில், சொந்த முயற்சியில் கடல் உயிரியல் நிலையம் நடத்தியவர். 1902ல் இலங்கையின் முத்துப் படுகைகளை ஆராய பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மேன் அழைக்கப்பட்டபோது, ஹார்னெலும் கூட வந்தார். ஹெர்ட்மேன் சீக்கிரமே ஊர் திரும்பிவிட்டார். ஹார்னெல் தங்கிவிட்டார். சில ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் இந்தப் பக்கம் வந்து, சென்னை மாகாண அரசின் முத்து, சங்கு மீன்வளக் கண்காணிப்பாளர் ஆனார்.

இலங்கையில் பார்த்த பாடம்

1905ல் இலங்கைப் பக்கம் நடந்த முத்துக்குளிப்பில் சிப்பி குவிஞ்சது. அந்த உற்சாகத்தில் மறு ஆண்டே முத்துப் படுகைகளை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்தது அரசு. 1907க்குப் பிறகு சிப்பியே இல்லை. கம்பெனி கடையை மூட வேண்டியதாயிற்று. சிப்பிக் குஞ்சுகளை ஒரு பாரிலிருந்து இன்னொரு பாருக்கு மாற்றி வளர்க்கலாம் என்ற திட்டமும் கைகொடுக்கவில்லை.

பார் என்பது கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு. தூத்துக்குடிக்காரர்களுக்கு தொலையிரம் பார் என்று சொன்னாலே போதும். வயலுக்குப் பெயர் இருப்பதுபோல ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. ஆனால் வயலைப் போல வேலி போட முடியாது. சிப்பிக் குஞ்சு பாரில் ஒட்டி வளரும். நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மூடிவிடும். திருக்கையும் கிளாத்தியும் தின்னும். சூரன் என்ற சிறு சிப்பியினம் பாய் விரித்ததுபோலப் படர்ந்து மூச்சை அடைக்கும். இதையெல்லாம் ஹார்னெல் பதிவு செய்தார். குளிப்பதை நிறுத்தி வைத்தால் மட்டும் முத்து பெருகிவிடாது என்பது அதிலிருந்தே தெரிகிறது.

முத்து உருவாகக் காரணம் ஒரு நாடாப்புழுவின் இளம்புழு என்று ஹெர்ட்மேனும் ஹார்னெலும் நம்பினார்கள். அந்தக் கொள்கை பின்னாளில் நிற்கவில்லை. ஆனால் கடலடியைப் பற்றி அவர்கள் எழுதிவைத்த தகவல்கள் இன்றும் பயன்படுது.

சங்கில் கிடைத்த விடை

முத்து ஏமாற்றியது. சங்கு அப்படியில்லை, ஏறக்குறைய ஆண்டுதோறும் கிடைத்தது. மணல் தரையில் புழுக்களைத் தின்று வாழும் உயிர் அது. தூத்துக்குடிப் பரதவர்கள் மூச்சை அடக்கி மூழ்கி, ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கினார்கள். பெரும்பகுதி கப்பலேறி வங்காளத்துக்குப் போய், அங்கே பெண்களின் கையில் வளையலாச்சு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கடலடி அரசின் சொத்து, சங்கு அரசின் ஏகபோகம். மூழ்குபவருக்குக் கிடைப்பது சங்குக்கு இவ்வளவு என்ற கூலி மட்டும். வளையல் வியாபாரத்தின் லாபத்தில் அவருக்குப் பங்கில்லை. அப்படிப்பட்டவரிடம் போய், சின்னச் சங்கை எடுக்காதே, அது வளரட்டும் என்று சொன்னால் கேட்பாரா? தண்ணீருக்கடியில் நின்று காவல் காக்க அதிகாரியும் கிடையாது.

அதற்கு நடைமுறையில் இருந்த வழி எளிமையானது. கரைக்கு வந்த சங்கை அளந்து பார்ப்பார்கள். குறிப்பிட்ட விட்டத்துக்குக் குறைந்தவை உயிரோடு கடலுக்கே திரும்பிப் போகும். காசு கிடைக்காத சங்குக்காக யாரும் மூச்சைச் செலவு பண்ண மாட்டாங்க, இல்லையா? உத்தரவைவிட இந்தக் கணக்குதான் வேலை செய்யும். இன்று விவசாயிகளிடம் வரப்பில் மரத்தை விடுங்க, பூச்சிக்கொல்லியைக் குறைங்க என்று பேசப் போகிறவர்களும் இதே கேள்வியைத்தான் சந்திக்கிறார்கள்: நிலத்தில் கை வைப்பவருக்கு அதில் என்ன கிடைக்கும்?

கூலியும் உரிமையும் நியாயமாக இருந்தன என்று சொல்ல முடியாது. ஹார்னெலும் அரசின் வருமானத்தைக் காக்க வந்த அதிகாரிதான். ஆனால் மூழ்குபவர்களின் அறிவை அவர் ஒதுக்கவில்லை. எந்தப் பாரில் என்ன இருக்கும், எந்தக் காற்றில் தண்ணீர் கலங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பரதவர் சமூகத்தின் வரலாற்றையும், சாதித்தலைவனுக்கு முத்துக்குளிப்பில் இருந்த உரிமைகளையும் அவர் விரிவாகவே எழுதினார்.

கொற்கையில் என்ன கண்டார்?

1914ல் வெளியான அவரது சங்கு பற்றிய நூல் இன்றும் ஆய்வாளர்கள் தேடும் புத்தகம். பழைய பாண்டியத் துறைமுகமான கொற்கையில், அறுத்து மிஞ்சிய சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்தார் ஹார்னெல். அதாவது, வளையல் அறுக்கும் தொழில் ஒருகாலத்தில் இந்தக் கரையிலேயே நடந்திருக்கு. லாபம் வங்காளத்துக்குப் போனதெல்லாம் பிறகு நடந்த கதை. சங்க இலக்கியத்தையும் அவர் சான்றாகச் சேர்த்துக்கொண்டார். (ஒரு வேடிக்கை: நாம் வலம்புரி என்று கொண்டாடும் அபூர்வச் சங்கை விலங்கியலில் இடப்பக்கச் சுழி என்பார்கள். பிடித்துப் பார்க்கும் விதம் வேறு, அவ்வளவுதான்.)

1922ல் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா முத்துக்குளிப்பு பற்றிய அறிக்கை வந்தது. அதற்குள் மாகாண மீன்வளத்துறை இயக்குநராகவும் ஆகியிருந்தார். 1924ல் ஓய்வு. உடனே பசிபிக் பயணம். கட்டுமரம், தோணி என்று இங்கே பிடித்த படகுப் பைத்தியம் விடவில்லை. ஏ.சி.ஹாடனுடன் சேர்ந்து பசிபிக் தீவுகளின் ஓடங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். 1949ல் காலமானார்.

அவருக்குப் பிறகு

1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் மறுபடியும் முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் இல்லை. 1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்து உருவாக்கிக் காட்டினார்கள். 1986ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. பவளப்பாறையை வெட்டியெடுத்ததால் அந்தத் தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. பூங்கா எல்லைக்குள் யார் போகலாம், எதை எடுக்கலாம் என்ற வாக்குவாதம் மீனவர்களுக்கும் வனத்துறைக்கும் இடையே இன்னும் ஓயவில்லை. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் இன்றும் கடலுக்குப் போகிறார்கள். காலில் கட்டிய கல்லுக்குப் பதிலாக, இப்போது பலரும் வாயில் காற்றுக்குழாயோடு இறங்குகிறார்கள்.