சான்று பகர்ந்த செம்மல்

பெருங்கொடுமை நிகழுங்கால் அதனைச் செய்தோர் மறைக்க முயல்வர். கண்டோர் அஞ்சி வாய்மூடி இருப்பர். அதற்கு ஆளானோருள் பலர் மாண்டொழிவர். அந்நிலையில் உயிர் தப்பிய ஒருவர் உள்ளதை உள்ளவாறு எழுதி வைப்பாராயின், அவ்வெழுத்து மாண்டோர்க்காக எழும் குரலாகும். அத்தகைய குரலாக விளங்கியவர் பிரிமோ லெவி.

இவர் 1919ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இளமையிலேயே வேதியியலில் பெருவிருப்புக் கொண்டார். 1938ஆம் ஆண்டு முசோலினியின் அரசு யூதர்க்கு எதிரான சட்டங்களை இயற்றியது. இடையூறுகளுக்கு நடுவே பயின்ற லெவி, 1941ஆம் ஆண்டு சிறப்புடன் பட்டம் பெற்றார். அவர் யூத இனத்தவர் என்பது அப்பட்டத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது.

1943ஆம் ஆண்டு ஜெர்மானியப் படை வட இத்தாலியைக் கைப்பற்றியது. அதனை எதிர்த்துப் போராட மலைநாடு சென்ற லெவி சிறைப்பட்டார். 1944ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், யூதர் பலரோடு சரக்கு வண்டியில் அடைக்கப்பட்டு, போலந்து நாட்டிலிருந்த ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார். உழைக்க இயலாத முதியோரும் குழந்தைகளும் அங்கே நச்சுக்காற்றால் கொல்லப்பட்டனர். உழைக்க வல்லவரோ தம் பெயரையும் இழந்தனர். 174517 என்னும் எண் லெவியின் கையில் பச்சை குத்தப்பட்டது.

அம்முகாமில் பசியும் குளிரும் அவரை வாட்டின. ஆயினும் இத்தாலியக் கொத்தனார் ஒருவர், தமக்கு நேரக்கூடிய இடரையும் பாராமல், பல திங்கள் அவருக்கு உணவு கொணர்ந்து தந்தார். மனிதத்தன்மை முற்றும் அழியவில்லை என்பதை லெவி அவரிடத்தே கண்டார்.

முகாமில் அவரைத் துன்புறுத்திய கனவு ஒன்று உண்டு. வீடு திரும்பித் தாம் பட்டதைக் கூறுகிறார். உற்றாரோ செவிகொடாமல் இருக்கின்றனர். இதுவே அக்கனவு.

1945ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் சோவியத்துப் படை முகாமை மீட்டது. ஊர் திரும்பிய லெவி, தொழிற்சாலையில் பணியாற்றிக்கொண்டே தம் நூலை எழுதினார். பெரிய பதிப்பகமொன்று அதனை ஏற்க மறுத்தது. 1947ஆம் ஆண்டு சிறிய பதிப்பகமொன்று 2500 படிகள் அச்சிட்டது. போரால் களைத்திருந்த மக்களுள் சிலரே அதனைப் படித்தனர். முகாமில் கண்ட கனவு நனவாயிற்றோ என ஐயுறும் நிலை வந்தது!

எனினும் அவர் சோர்ந்தாரல்லர். 1958ஆம் ஆண்டு அந்நூல் மீண்டும் வெளிவந்தது. பின்னர்ப் பல மொழிகளிற் பரவியது. அவர் பள்ளிதோறும் சென்று மாணவர் வினாக்களுக்குப் பொறுமையுடன் விடையளித்தார். 1987ஆம் ஆண்டு மறைந்தார்.

அவர் எழுத்தில் வசைமொழி இல்லை, மிகைக்கூற்றும் இல்லை. பொருளை நிறுத்துக் காட்டும் வேதியியல் அறிஞரைப் போலக் கண்டதை அளந்து கூறினார். சான்று பகர்வது தம் கடன் என்றும், தீர்ப்பளிப்பது படிப்போர் கடன் என்றும் கருதினார்.

அக்கொடுமையில் மாண்ட யூதர் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். அவ்வெண்ணைக் கேட்டு வியந்து மறந்துவிடுதல் எளிது. ஒருவரது பசியையும், அவர் பெற்ற ஒரு துண்டு உரொட்டியையும் படித்தபின் மறத்தல் அரிது. உயிர் தப்பியோர் எழுதிய நூல்களின் பயன் இதுவே. கூறுவோர் தம் கடனைச் செய்தனர்; செவிகொடுத்தல் நம் கடன்.