ஹெர்மன் ஹொலரித்

அளவிறந்த செய்திகளைச் சிறிதளவே நினைவிற்கொண்டு கணக்கிடுவது எங்ஙனம் என்னும் வினா, கணினிக்கே உரியதெனப் பலர் கருதுகின்றனர். கணினி தோன்றுமுன்னரே அதற்கு விடை கண்ட ஹெர்மன் ஹொலரித் என்பாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

இவர் 1860-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 29-ம் தேதி, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள பஃபலோ நகரில், ஜெர்மனியினின்று குடியேறிய பெற்றோர்க்குப் பிறந்தார். கொலம்பியாவிற் சுரங்கக் கலை பயின்று 1879-ல் பட்டம் பெற்றபின், 1880-ம் வருஷத்துக் குடிமதிப்பு வேலையில் அமர்ந்தார். அப்பொழுது குமாஸ்தாக்கள் தாள்களைப் பார்த்துக் கோடு கிழித்தே எண்ணினர். அக்கணக்கு முற்றுப்பெற ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் சென்றன. அடுத்த குடிமதிப்பு வந்தும் முந்தியது முடியாதோ என்ற அச்சம் எழுந்ததில் வியப்பில்லை. இதற்கு ஒரு யந்திரம் வேண்டுமென ஜான் ஷா பில்லிங்ஸ் என்னும் மருத்துவ அறிஞர் கூறியது இவருள்ளத்திற் பதிந்தது.

முதலிற் காகித நாடாவிலே துளையிட்டுப் பார்த்தார். நாடாவில் ஒருவர் குறிப்பைத் தேட நாடா முழுவதையும் ஓட்டவேண்டும்; தனி அட்டையாயின் வேண்டியவாறு பிரித்தடுக்கலாம். ஆதலின் ஆளுக்கோர் அட்டையென வகுத்தார். அட்டையை வைத்து அழுத்தியதும் ஊசிகள் துளைகளினூடே சென்று பாதரசக் கிண்ணங்களைத் தொடும், மின்சாரம் பாயும், உரிய முகப்பின் முள் ஓரெண் நகரும். முகப்புக்கள் நாற்பதே. ஒவ்வொன்றும் 9,999 வரையே எண்ணும்.

இதன் நுட்பத்தை வாசகர்கள் ஊன்றி நோக்குமாறு வேண்டுகிறோம். யந்திரம் எம்மனிதரையும் நினைவில் வைப்பதில்லை. அட்டை வந்து போயிற்று, எண் மட்டும் நின்றது. மணமான ஆடவர் எத்தனை பேர் என இரு குறிப்புக்களைச் சேர்த்துக் கேட்பினும், மின்கம்பிகளின் இணைப்பை மாற்றினாற் போதும். நாற்பது முகப்பில் அடங்காத வினாவாயின், எண்ணும்போதே பக்கத்துப் பெட்டியில் உரிய அறையின் மூடி திறக்கும். அட்டையை அதிலிட்டு, அடுத்த முறை அவ்வறையினவற்றை மட்டும் ஓட்டுவர். இன்று தரவுத்தளங்களில் நினைவகம் போதாதபோது, வரிசைகளை ஒவ்வொன்றாய்ப் படித்துத் தொகையை மாத்திரம் வைத்துக்கொள்வதும், அடங்காதவற்றை வட்டிலே பகுதி பகுதியாய் எழுதிப் பின்னர் எடுத்தாள்வதும் இவ்வழியே. இடம் மிஞ்சினாற் காலம் செலவாம்; அட்டைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிய கைகள் அதனை நன்கறியும்.

1889-ல் நடந்த போட்டியில் ஏனைய இரு முறைகள் 44 மணிக்கும் 55 மணிக்கும் மேற்பட்ட காலத்திற் செய்த தொகுப்பை இவர் முறை ஐந்தரை மணியில் முடித்தது. 1890-ம் வருஷக் குடிமதிப்பில் ஆறு கோடிக்கு மேற்பட்ட மாந்தர் இவர் யந்திரங்களால் எண்ணப்பெற்றனர். 1896-ல் சொந்தக் கம்பெனி நிறுவினார். பின்னர் வாடகை பற்றிக் குடிமதிப்பு இலாகாவோடு பிணங்கினார். இலாகாவோ தானே யந்திரம் செய்யத் தலைப்பட்டது. சற்று விட்டுக்கொடுத்திருக்கலாம் என்பது எம் கருத்து. 1911-ல் கம்பெனியை விற்றார். வேறு கம்பெனிகளோடு இணைந்த அது, 1924-ல் ஐ.பி.எம். எனப் பெயர் பூண்டது. ஹொலரித் 1929-ம் வருஷம் நவம்பர் மாதம் 17-ம் தேதி வாஷிங்டன் நகரிற் காலமானார்.