லண்டனை அழ வைத்த நடிகை

1776-ம் ஆண்டு. கோடைக் காலம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் நாடகம் நடித்துக் கொண்டிருந்த ஓர் இளம் பெண்ணுக்குக் கடிதம் ஒன்று வந்தது. லண்டனில் உள்ள ட்ரூரி லேன் நாடகக் கொட்டகையில் இருந்து வந்த கடிதம் அது. இனி அவர் அங்கே நடிக்கத் தேவை இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு வயது 21. இரண்டு கைக்குழந்தைகள். கணவரும் நடிகர்தான். ஆனால் அவருக்குப் பெரிய பெயர் கிடையாது. லண்டன் மேடையை நம்பியிருந்த குடும்பம் திகைத்துப் போயிற்று.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. அதே கொட்டகை அதே பெண்ணைத் திரும்ப அழைத்தது. அவர் மேடை ஏறிய அன்று லண்டன் நகரமே அழுதது!

அவர்தான் சாரா சிடன்ஸ். ஆங்கில நாடக மேடையில் சோக வேடங்களின் ராணி என்று பெயர் பெற்றவர்.

ஊர் ஊராகப் போன குடும்பம்

சாரா 1755-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி வேல்ஸ் நாட்டில் பிரெக்கன் என்ற ஊரில், ஒரு சத்திரத்தில் பிறந்தார். தந்தை ரோஜர் கெம்பிள் நாடகக் குழு நடத்தி வந்தார். தாயும் நடிகை. அவர்களுக்கு 12 குழந்தைகள். மூத்தவர் சாரா.

குழு ஓர் ஊரில் சில நாள் நாடகம் போடும். பிறகு மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும். கொட்டகை கிடைத்தால் கொட்டகை, இல்லாவிட்டால் களஞ்சியம். அந்தக் காலத்தில் நாடகக்காரர்களுக்குச் சமூகத்தில் மதிப்புக் குறைவு. ஆனாலும் பெற்றோர் சாராவைப் படிக்க வைத்தார்கள். சிறுமியாக இருந்தபோதே மில்டனின் கவிதைகளை அவர் விரும்பிப் படித்தார். சிறு சிறு வேடங்களில் மேடையும் ஏறினார்.

காதலுக்குத் தடை

தந்தையின் குழுவில் வில்லியம் சிடன்ஸ் என்ற நடிகர் இருந்தார். அவருக்கும் சாராவுக்கும் காதல் மலர்ந்தது. பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. வில்லியமைக் குழுவை விட்டு விலக்கினார்கள்.

போகும் முன் வில்லியம் கடைசியாக ஒரு நாள் மேடை ஏறினார். தன் காதல் கைகூடாத கதையை ஒரு பாட்டாகக் கட்டி, ஊரார் முன்னிலையில் பாடிவிட்டார்! திரையின் பின்னால் காத்திருந்த சாராவின் தாய், அவர் உள்ளே வந்ததும் கன்னத்தில் அறைந்தார்.

சாரா வார்விக் நகருக்கு அருகே ஒரு சீமாட்டியின் மாளிகைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். அங்கே வேலைக்காரர்களுக்கு நாடக வசனங்களைப் பேசிக் காட்டுவார். காதலை மட்டும் அவர் மறக்கவில்லை. பெற்றோர் மனம் இரங்கினார்கள். 1773-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி கவென்ட்ரி நகர தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அப்போது சாராவுக்கு வயது 18.

சிரிப்பா, அழுகையா?

மறு ஆண்டு இருவரும் செல்ட்டன்ஹாம் நகரில் நடித்தார்கள். ஒரு பிரபுவின் வீட்டாரும் நண்பர்களும் நாடகம் பார்க்க வந்தார்கள். சிற்றூர் நாடகத்தைக் கேலி செய்து பொழுதைப் போக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். இது சாராவின் காதுக்கும் எட்டிவிட்டது.

நாடகம் நடந்தபோது அந்தப் பக்கத்தில் இருந்து விசித்திரமான சத்தம் வந்தது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று சாரா எண்ணினார். மனம் நொந்து வீடு திரும்பினார்.

மறுநாள் பிரபு, வில்லியமைத் தெருவில் சந்தித்தார். அவர் சொன்ன பிறகுதான் உண்மை தெரிந்தது. வந்த பெண்கள் சிரிக்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார்கள்! அழுத அழுகையில் தலைவலி வந்து படுத்துவிட்டார்களாம்.

இந்தச் செய்தி லண்டனில் புகழ் பெற்ற நடிகர் டேவிட் காரிக்குக்குப் போயிற்று. ட்ரூரி லேன் கொட்டகையை நடத்தியவர் அவர். ஆள் அனுப்பி சாராவின் நடிப்பைப் பார்த்து வரச் செய்தார். அழைப்பும் வந்தது.

நடுங்கிய குரல்

1775-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி சாரா லண்டன் மேடையில் முதல் முறையாகத் தோன்றினார். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் போர்ஷியா வேடம். அவருக்கு இரண்டாவது குழந்தை பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உடலில் வலு இல்லை. பெரிய கொட்டகையைப் பார்த்ததும் கால் தடுமாறியது, குரல் நடுங்கியது. பேசியது பலருக்குக் கேட்கவே இல்லை. பத்திரிகைகள் குறை கூறின.

அடுத்து வந்த வேடங்களும் கைகொடுக்கவில்லை. 1776 ஜூனில் காரிக் மேடையை விட்டு ஓய்வு பெற்றார். கொட்டகை புதியவர்கள் கைக்குப் போயிற்று. அதன் பிறகு வந்ததுதான் அந்தக் கடிதம்.

பன்னிரண்டு மைல்

அவமானம் சாராவை வாட்டியது. உடல் மெலிந்தது. நீண்ட காலம் நோயாளி போல இருந்தார். ஆனால் குழந்தைகளின் முகத்தைப் பார்த்தார். அவர்களுக்காகவாவது எழுந்து நிற்க வேண்டும் என்று உறுதி கொண்டார்.

மான்செஸ்டர், லிவர்பூல், யார்க் என்று பல நகரங்களில் நடித்தார். 1778-ம் ஆண்டு பாத் நகரக் கொட்டகையில் சேர்ந்தார். வாரச் சம்பளம் 3 பவுன்.

வேலை கடுமையானது. திங்கட்கிழமை காலை பாத் நகரில் ஒத்திகை. அன்று மாலை 12 மைல் தள்ளியுள்ள பிரிஸ்டலில் நாடகம். முடிந்ததும் குதிரை வண்டியில் ஊர் திரும்ப வேண்டும். செவ்வாய் மாலை பாத் நகரில் வேறு நாடகம். குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு, நள்ளிரவில் வசனம் மனப்பாடம் செய்வார்.

லண்டனில் கிடைக்காத பயிற்சி இங்கே கிடைத்தது. எத்தனையோ வேடங்கள் பழகின. குரல் உறுதிப்பட்டது. அச்சம் போயிற்று. அவர் புகழ் மீண்டும் லண்டனுக்கு எட்டியது.

1782-ம் ஆண்டு ட்ரூரி லேன் அவரை அழைத்தது. பாத் ரசிகர்களுக்கோ அவரை விட மனம் இல்லை. தான் போவதற்கு மூன்று காரணங்கள் உண்டு, அவற்றை மேடையில் காட்டுவேன் என்று சாரா அறிவித்தார். கடைசி நாளன்று மேடைக்கு வந்தார். தன் மூன்று குழந்தைகளையும் அழைத்து வந்து நிறுத்தினார். அவர்களே அந்த மூன்று காரணங்கள்!

தந்தையின் கண்ணீர்

1782-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி. நாடகத்தின் பெயர் இசபெல்லா. போரில் கணவன் இறந்துவிட்டான் என்று நம்பி, குழந்தையைக் காப்பாற்ற மறுமணம் செய்யும் பெண்ணின் கதை. முதல் கணவன் உயிரோடு திரும்புகிறான். அவள் பித்துப் பிடித்து இறக்கிறாள்.

நாடகத்தில் மகனாக வந்தது சாராவின் சொந்த மகன் ஹென்றி. ஒத்திகையில் தாய் இறப்பது போல நடித்ததைப் பார்த்து, உண்மை என்று நம்பி, அந்தச் சிறுவன் கதறிவிட்டான்.

நாடகத்துக்கு இரண்டு நாள் முன்னே சாராவின் தொண்டை கட்டிக்கொண்டது. மீண்டும் தோல்விதானா என்று பயந்தார். நல்ல வேளையாகக் குரல் திரும்பியது. அன்று மாலை வயதான தந்தை துணைக்கு வந்தார்.

திரை விழுவதற்குள் கொட்டகை முழுவதும் விம்மல் ஒலி எழுந்தது. ஆண்களும் அழுதார்கள்!

அன்று இரவு வீட்டில் எளிய உணவு. தந்தை, மகள், மருமகன் மூவரும் உட்கார்ந்தார்கள். அதிகப் பேச்சு இல்லை. தந்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, நரைத்த தலையை நிமிர்த்தி ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

காரிக் பயன்படுத்திய ஒப்பனை அறை சாராவுக்குக் கொடுக்கப்பட்டது. லண்டன் வழக்கறிஞர்கள் பணம் சேர்த்து 100 கினி பரிசு அளித்தார்கள். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அரசியுடன் வந்து நாடகம் பார்த்தார். 1784-ல் ஓவியர் ரெனால்ட்ஸ், சாராவைச் சோக நாடகத்தின் தேவதையாகத் தீட்டினார்.

புகழோடு பொறாமையும் வந்தது. நோயுற்ற சக நடிகருக்கு இலவசமாக நடிக்க மறுத்த கஞ்சி என்று வதந்தி கிளம்பியது. 1784 அக்டோபரில் அவர் மேடைக்கு வந்ததும் கூச்சல் எழுந்தது. தம்பி ஜான் அவரை உள்ளே அழைத்துப் போனார். சாரா மயங்கி விழுந்தார். ஆனால் தெளிந்ததும் தனியாகத் திரும்பி வந்தார். தன் மீது குற்றம் இல்லை என்று நிதானமாகப் பேசினார். கூச்சல் அடங்கியது. நாடகம் நடந்தது.

மெழுகுவர்த்தி

மாக்பெத் சீமாட்டி வேடம் சாராவின் பெயரை நிலைநிறுத்தியது. இருபது வயதில் அந்த வசனத்தை முதலில் படித்தது ஓர் இரவு. வீடு உறங்கிக்கொண்டிருந்தது. கொலைக் காட்சி வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். தன் பட்டு உடையின் சரசரப்பே பேய் துரத்துவது போல் கேட்டது. உடையைக்கூட மாற்றாமல் படுக்கையில் விழுந்தார்.

1785-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி லண்டனில் அந்த வேடத்தில் நடித்தார். தூக்கத்தில் நடக்கும் காட்சியில், முந்தைய நடிகை மெழுகுவர்த்தியைக் கையை விட்டு இறக்கியதே இல்லை. சாரா அதைக் கீழே வைக்கப் போவதாகச் சொன்னார். கையில் படிந்த ரத்தத்தைக் கழுவுவது போல் நடிக்க இரண்டு கையும் வேண்டாமா? கொட்டகையின் உரிமையாளர் ஷெரிடன் ஒப்பனை அறைக்கே வந்து வேண்டாம் என்று வற்புறுத்தினார். சாரா இணங்கவில்லை. நாடகம் முடிந்ததும் ஷெரிடனே வந்து பாராட்டினார்.

கடைசி நாள்

1812-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி அதே வேடத்தில் சாரா விடைபெற்றார். தூக்கத்தில் நடக்கும் காட்சி முடிந்ததும் மக்கள் நாடகத்தை மேலே நடக்க விடவில்லை. பாக்கிக் காட்சிகளை யார் பார்ப்பார்கள்? திரை விழுந்தது.

சொந்த வாழ்விலும் அவருக்குச் சோகம் குறைவில்லை. பெற்ற 7 குழந்தைகளில் 5 பேர் அவருக்கு முன்னே இறந்தார்கள். இசபெல்லா நாடகத்தில் கதறிய ஹென்றியும் 1815-ல் மறைந்தார்.

1831-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி, 75-வது வயதில் சாரா காலமானார். லண்டனில் பாடிங்டன் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள். 1897-ல் அங்குள்ள பூங்காவில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. வேண்டாம் என்று கடிதம் எழுதி அனுப்பிய அதே லண்டன், தன் நடிகைக்குச் சிலை எடுத்தது.